ஊர் எது என்று கேட்டால்

(கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும், போயா விடுமுறையன்று வெள்ளவத்தையில் கூடியபோது ஆற்றிய உரை.)

தோழர்களே, தாய்மாரே, இரவு தபால் ரயிலில் நின்றுகொண்டே வந்து சேர்ந்த பெற்றோரே, கடைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருக்கும் பிள்ளைகளே!

எழுத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சம்பளத்தைப் பற்றிப் பேசு என்றால் இரண்டு மணி நேரம் பேசுவோம். எழுத்து என்றதும் கொஞ்சம் தயக்கம்தான். இன்னொன்று, நாங்கள் 'நான்' என்று பேசிப் பழகவில்லை. ஒரே காம்பராவில் ஒன்பது பேர் படுத்து வளர்ந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு இடம் இருக்கவில்லை. 'நாங்கள்' என்றே பேசுகிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் பிறந்தது தோட்டத்து லயத்தில். அப்பா கொழும்புக்கு வந்து புறக்கோட்டையில் நாட்டாமை வேலை பார்த்தார். மூட்டை தூக்கும் வேலைக்கு இங்கே அந்தப் பெயர். தமிழ்நாட்டில் நாட்டாமை என்றால் ஆலமரத்தடியில் தீர்ப்புச் சொல்பவராம். எங்கள் அப்பாவுக்கு நூறு கிலோ சீனி மூட்டைதான் தீர்ப்புச் சொன்னது. பிறகு அம்மாவும் பிள்ளைகளும் வந்து சேர்ந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்தில் குடியிருந்தோம். ஆமாம், அதற்கும் தோட்டம் என்றுதான் பெயர். சிங்களத்தில் வத்த. வரிசை வீடு, பொதுக் குழாய், பொதுக் கக்கூஸ், விடியற்காலையில் வாளியோடு க்யூ. தேயிலை மட்டும்தான் இல்லை. இந்த வெள்ளவத்தையின் பெயரிலும் அதே வத்த இருக்கிறது. அம்மா சொல்வார்: "ஒரு தோட்டத்த விட்டு ஓடியாந்து ரெண்டு தோட்டத்துல மாட்டிக்கிட்டோம்." கொட்டாஞ்சேனையில் குடியிருந்து, வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்தார் அம்மா.

கொட்டாஞ்சேனை தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் சாந்த லூசியா பேராலயத்தின் பெரிய கூரை. இன்னொரு பக்கம் பொன்னம்பலவாணேசுவரர் கோயில், முழுக்கக் கருங்கல். விகாரையும் உண்டு, பள்ளிவாசலும் உண்டு, ஒல்லாந்தர் கட்டிய பழைய வுல்வெண்டால் தேவாலயமும் உண்டு. எங்கள் வரிசையில் ஒரு சிங்களக் கத்தோலிக்க அக்கா, அடுத்தது மலாய்க் குடும்பம், அதற்கடுத்து முஸ்லிம் தையல்காரர், பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு தாயும் மகனும். ஏப்ரலில் கிரிபத், நோன்புப் பெருநாளுக்கு வட்டிலப்பம், நத்தாருக்கு கேக், தைக்கு எங்கள் வீட்டுப் பொங்கல். ஆடிவேல் செட்டியார் தெருவிலிருந்து புறப்படும்போது எல்லா வீட்டுப் பிள்ளைகளும் பின்னால் ஓடினோம். கிரிக்கெட் விளையாடும்போது சிங்களம், கணக்குப் பார்க்கும்போது தமிழ், சண்டை என்றால் இரண்டும் சேர்த்து.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் சுற்றுலாத் துண்டுப்பிரசுரம் மாதிரி இருக்கும். இதே கொட்டாஞ்சேனையில் 1883 இல், உயிர்த்த ஞாயிறன்று, பௌத்த ஊர்வலமும் கத்தோலிக்கரும் மோதி இரத்தம் சிந்தினார்கள். சரியாக நூறு வருடம் கழித்து, 1983 ஜூலையில், இங்கேயும் வெள்ளவத்தையிலும் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. நாங்கள் பிறக்கும் முன்பு நடந்தவை. ஆனால் அம்மா ராத்திரியில் யாராவது கதவைத் தட்டினால் முதலில் விளக்கை அணைப்பார். அதை நாங்கள் பார்த்து வளர்ந்தோம்.

எங்கள் காலத்தில் சோதனைச் சாவடி. பொலிஸ் பதிவுக் கடுதாசி இல்லாமல் தெருவில் இறங்க முடியாது. அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "கம கொஹெத?" என்பார்கள். ஊர் எங்கே. நாங்கள் "வத்த" என்போம். "அது தோட்டம். ஊர் எது?" என்பார்கள். வெள்ளவத்தைக்கு வந்தால் அம்மா வேலை செய்த வீட்டுக்கு வரும் விருந்தாளிகளும் அதையே தமிழில் கேட்பார்கள். "பிள்ளையள், நீங்கள் எந்த ஊர்?" அங்கேயும் தோட்டத்தின் பெயரைச் சொல்வோம். "அது சரி, சொந்த ஊர்?" அம்மாயியைக் கேட்டால் அவரோ திருச்சிப் பக்கம் ஒரு கிராமத்தின் பெயரைச் சொல்வார். அதை அவரும் கண்டதில்லை, அவருடைய அம்மா சொல்லிக் கேட்டது. ஆக, இரண்டு மொழியில் ஒரே கேள்வி, எங்களிடம் பதில் இல்லை.

2007 ஜூன் 7 ஆம் திகதி விடியற்காலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்கள் 300க்கும் மேற்பட்டோரை பஸ்களில் ஏற்றி வவுனியா பக்கம் கொண்டுபோனார்கள். சொந்த ஊருக்கு அனுப்புகிறோம் என்றார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டது. அந்த இரண்டு நாளும் அம்மா எங்களை வெளியே விடவில்லை. "நம்மள ஏத்துனா எங்க எறக்குவாங்க?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். நாங்கள் சிரித்தோம். அது சிரிக்கிற கேள்வி இல்லை என்று பிறகு விளங்கியது.

இனி எழுத்துக்கு வருவோம்.

பாடசாலையில் ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். தலைப்பு, 'எனது ஊர்'. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அப்பாவின் ஊரை எழுதினார்கள்: பனை, கிணறு, கோயில் தேர். நாங்கள் எங்கள் லயத்தை எழுதினோம். பெரட்டுத் தப்பு அடிக்கிற நேரம், பனியில் அம்மாயி படங்கு கட்டிக்கொண்டு மலைக்கு ஏறுவது, கைப்பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் பால் கொடுக்க ஓடி வருவது, சித்தப்பாவின் கொந்தரப்புக் காசு. மூன்று பக்கம். திருப்பித் தந்தபோது சிவப்பு மையால் நிறைய வட்டம். பெரட்டு, படங்கு, காம்பரா, கொந்தரப்பு. கீழே, 'இவை தமிழ்ச் சொற்கள் அல்ல. திருத்தி எழுதவும்' என்றிருந்தது.

கெட்ட ஆசிரியர் என்று சொல்ல வரவில்லை. நன்றாகப் படிப்பித்தவர். ஆனால் ஒரு விசயம் எங்களுக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிய வந்தது. எங்கள் காம்பரா போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். அந்த ஆசிரியர் உட்கார்ந்திருந்த கதிரையும் போர்த்துக்கேயச் சொல்தான். அவர் எங்கள் கொப்பிகளை வைத்துப் பூட்டிய அலுமாரியும் அப்படியே. அவருடைய வீட்டில் இருந்திருக்கக்கூடிய அலவாங்கும் அப்படியே. அவருடைய ஊரில் அரசாங்க அலுவலகத்தைக் கந்தோர் என்பார்கள், அது ஒல்லாந்தச் சொல். பெரட்டு என்பது வெள்ளைக்காரத் துரையின் பரேட். எல்லாமே கப்பலில் வந்த சொற்கள். அவருடைய சொற்கள் முன்னாடி வந்த கப்பலில் வந்ததால் தமிழாகிவிட்டன. எங்களுடையவை கடைசிக் கப்பலில், எங்கள் ஆட்களோடு சேர்ந்து வந்ததால் பிழையாகிவிட்டன.

அன்று இது தெரியாது. திருத்தி எழுதினோம். பெரட்டு 'தொழிலாளர் ஒன்றுகூடும் இடம்' ஆனது. படங்கு 'சாக்கு ஆடை' ஆனது. பத்துக்கு எட்டுப் புள்ளி கிடைத்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினோம். அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்லாருக்கு. இது எந்தத் தோட்டம்?" என்றார்.

அம்மாவுக்கே இரண்டு தமிழ் இருந்தது. வெள்ளவத்தை வீட்டில் 'ஓம்', எங்கள் வீட்டில் 'ஆமா'. சில நாள் களைப்பில் இரண்டும் கலந்து 'ஓமுங்க' என்று வரும். நாங்கள் கேலி செய்வோம். அந்த வீட்டம்மா நல்லவர், பழைய புத்தகங்களை எங்களுக்குத் தருவார், அதனால்தான் வாசிக்கப் பழகினோம். இருந்தாலும் அம்மா அந்த வீட்டுப் படியேறும்போது நாக்கை மாற்றிக்கொண்டுதான் ஏறினார். இங்கே கடைகளில் நிற்கும் பிள்ளைகள் செய்வதும் அதுதானே? வாடிக்கையாளர் "எந்த இடம் பிள்ளை?" என்றால், கொழும்பு என்று சொல்கிறீர்கள். எங்களுக்குத் தெரியும். நாங்களும் சொல்லியிருக்கிறோம்.

அம்மாயிக்கு எழுத்துத் தெரியாது. அவருக்குக் கடிதம் எழுதினால் தோட்ட ஆபிஸுக்குத்தான் போகும், ஏனென்றால் லயத்துக்கு விலாசம் கிடையாது. துரையின் ஆபிஸில் கிடந்து, ஆறின பிறகு கைக்கு வரும். நேர்முகத் தேர்வுக் கடிதம் தேர்வு முடிந்து வந்து சேர்ந்த கதை இங்கே எத்தனை வீட்டில் இருக்கிறது என்று கேட்டால் பாதிக் கைகள் உயரும். இதற்காகத் தொழிற்சங்கங்கள் இன்னும் கத்திக்கொண்டுதான் இருக்கின்றன. அம்மாயியின் பதில் கடிதம் யாராவது எழுதித் தருவது. எப்போதும் 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கி, 'இறைவன் அருளால்' என்று முடியும். நடுவில் அம்மாயி இருக்க மாட்டார். 1964 ஒப்பந்தத்தால் இந்தியாவுக்குப் போய்க் கூடலூரில் தங்கிவிட்ட சின்ன அம்மாயியின் கடிதமும் அதே அச்சுத்தான்.

ஒரு முறை, எழுதித் தரும் ஆள் இல்லாமல், பக்கத்துக் காம்பராச் சின்னப் பிள்ளை ஒன்று எழுதியது. ஐந்தாம் வகுப்பு. அதற்குக் கடித முறை தெரியாது. அம்மாயி சொன்னதைச் சொன்னபடியே எழுதிவிட்டது. "கெழவிக்கு மூட்டு வலிதான். செத்துட மாட்டேன். வெள்ளாட்டுக் குட்டி ரெண்டு போட்டுச்சி, ஒண்ண வித்துப்புட்டேன். ஒங்கம்மாகிட்ட சொல்லாதீங்க, காசு எனக்கு வேணும்." அவ்வளவுதான். அம்மாவுக்கு வாசித்தோம். அம்மா அழுதுகொண்டே சிரித்தார், அம்மாயி வீட்டுக்குள் வந்துவிட்டது போல இருந்தது. எழுத்துப்பிழை பத்துப் பதினைந்து இருக்கும். எட்டுப் புள்ளி வாங்கிய எங்கள் கட்டுரையை அன்று இரவு கிழித்துப் போட்டோம். கொஞ்சம் அதிகமாகத்தான் செய்துவிட்டோம், அதை வைத்திருந்திருக்கலாம்.

இப்படிப் பல பாஷைக்கு நடுவே வளர்ந்து எழுத வந்தவர்கள் நமக்கு முன்னாலும் உண்டு. சி.வி. வேலுப்பிள்ளை 1914 இல் வட்டகொடை மடக்கும்பரைத் தோட்டத்தில் பிறந்தவர். அட்டன், நுவரெலியா, பிறகு கொழும்பு நாலந்தா என்று படித்தார். 1934 இல் தாகூர் இலங்கைக்கு வந்தபோது, தாம் ஆங்கிலத்தில் எழுதிய நாடகத்தை அவர் கையில் கொடுத்தார். 1947 தேர்தலில் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனார். அவரை அனுப்பிய மக்களின் பிரசாவுரிமை 1948 சட்டத்தோடு போனது, அடுத்த வருடம் வாக்கும் போனது. சபையில் பேச வழியில்லாமல் போன பிறகும் அவர் ஓயவில்லை. 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' என்ற நெடுங்கவிதை ஆங்கிலத்தில் எழுதி உலகம் அறிந்தது. ஆனால் அது யாரைப் பற்றியதோ அவர்களால் அதை வாசிக்க முடியவில்லை. சக்தீ பாலையா அதைத் தமிழாக்கி 1969 இல் 'தேயிலைத் தோட்டத்திலே' என்று வந்த பிறகுதான் லயத்துக்குள் நுழைந்தது.

எங்களுக்கு அந்தக் கவிதையை விட அவர் செய்த இன்னொரு வேலைதான் பெரிது. லயம் லயமாகக் கேட்டு நம் ஆட்களின் பாட்டுகளைச் சேகரித்தார். தாலாட்டு, ஒப்பாரி, கங்காணியைத் திட்டுகிற பாட்டு. அவர் 1984 இல் காலமான பிறகு 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று புத்தகமாக வந்தது. இங்கிலீஷ் கவிஞர் என்று பெயர் வாங்கியவர் நம்ம கிழவிகளின் வாயைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார் பாருங்கள்.

தெளிவத்தை ஜோசப் இன்னொருவர். பதுளைப் பக்கத்தில் பிறந்தவர், தமிழ்நாட்டில் கும்பகோணத்தில் கொஞ்சக்காலம் படித்தவர், தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியர், பிறகு கொழும்பில் கணக்காளர். தோட்டத்தின் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டார். ஊர் எது என்று கேட்பவர்களுக்கு அதுவே பதில். 1974 இல் அவருடைய 'காலங்கள் சாவதில்லை' நாவலை வீரகேசரி வெளியிட்டது. 2010 இல் வந்த 'குடை நிழல்' கொழும்பில் தமிழராக இருந்த பயத்தை எழுதியது. 2013 இல் தமிழ்நாட்டில் விஷ்ணுபுரம் விருது வாங்கினார். நாங்கள் உதவி ஆசிரியர்களாகப் போனபோது, 'நீங்களும் தோட்டத்து டீச்சர்தானே, அவரைப் போல எழுதுங்கள்' என்று சிலர் சொன்னார்கள். மாதம் 6,000 ரூபாய் கொடுப்பனவில் பஸ் காசு போக மிச்சத்தில் பேனா வாங்கலாம் என்று பதில் சொன்னோம்.

கொழும்பிலேயே பிறந்த ஷியாம் செல்வதுரையையும் சொல்ல வேண்டும். தமிழ்த் தகப்பன், சிங்களத் தாய். 83க்குப் பிறகு குடும்பத்தோடு கனடா போனார். 1994 இல் 'ஃபன்னி பாய்' நாவல் எழுதினார். 2020 இல் அது படமானபோது, அதில் நடித்தவர்கள் பேசிய தமிழைக் கேட்டுத் தமிழர்கள் பலர் கொதித்தார்கள், எங்கள் பேச்சு இப்படியா என்று. நியாயம்தான். ஆனால் மேடையிலும் சினிமாவிலும் தோட்டத்து ஆள் என்றால் கோமாளியாகப் பேசவைத்தபோது யார் கொதித்தார்கள் என்றும் எங்களுக்குக் கேட்கத் தோன்றியது.

எங்கள் கதைக்கு வருகிறோம். தோட்டத்துக்கு ஆசிரியராகத் திரும்பிப் போன பிறகு நாங்கள் எழுதிய முதல் உருப்படியான எழுத்து ஒரு பெட்டிசம். கொழுந்து நிறுக்கும்போது ஒவ்வொரு நிறுவைக்கும் கிலோ கழிக்கிறார்கள், சாக்குக்கு என்றும் ஈரத்துக்கு என்றும். பெண்கள் வந்து எழுதித் தரச் சொன்னார்கள். உட்கார்ந்து பிரமாதமாக எழுதினோம். 'மதிப்புக்குரிய முகாமையாளர் அவர்களுக்கு, மேற்படி விடயம் தொடர்பாகத் தாழ்மையுடன் தங்கள் மேலான கவனத்துக்கு...' வாசித்துக் காட்டினோம். யாரும் எதுவும் சொல்லவில்லை. கடைசியில் ஒரு பாட்டி, "நல்லாருக்கு டீச்சர். ஆனா இதுல நாங்க கோவமாவே இல்லயே" என்றார்.

எங்கள் அம்மா கேட்ட அதே கேள்வி. இது எந்தத் தோட்டம்?

திரும்ப எழுதினோம். இந்த முறை அவர்கள் பேசினார்கள், நாங்கள் எழுதினோம். 'மழையில் நனைந்தது நாங்கள். கொழுந்துக்கு மட்டும் ஈரக்கழிவு போடுகிறீர்கள். வெயில் காலத்திலும் அதே கழிவு ஏன்?' முப்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டார்கள், ஏழு பேர் ரேகை. மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. கழிவு முழுக்க நிற்கவில்லை, ஒரு கிலோ குறைந்தது. ஒரு நாளைக்கு மூன்று நிறுவை என்றால் மூன்று கிலோ. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் ஒரு விசயம். உங்களுக்கென்று 1954 ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் இருக்கிறது. நாளைக்கு 8 மணி நேரம், கிழமைக்கு 45 மணி நேரம், அதற்கு மேல் நின்றால் ஒன்றரை மடங்கு மேலதிகக் கொடுப்பனவு. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம், அதற்கு மேல் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 சதவீதம். 'சாப்பாடும் படுக்க இடமும் தருகிறோம், பிறகென்ன' என்பது சட்டம் இல்லை. ஒரு கொப்பி வாங்குங்கள். கடை திறந்த நேரம், பூட்டிய நேரம், கையில் கிடைத்த காசு, மூன்றையும் தினமும் எழுதுங்கள். தொழில் திணைக்களத்துக்குப் போகும் நாளில் அந்தக் கொப்பி பேசும். அதுவும் எழுத்துத்தான், கவிதைக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

எங்கள் பாடசாலையில் படித்த ஒரு பிள்ளை இப்போது இந்தக் காலி வீதிப் பக்கம் ஒரு துணிக்கடையில் நிற்கிறது. தோட்டத்தின் பெயரோ கடையின் பெயரோ சொல்ல மாட்டோம். போன மாதம் அந்தப் பிள்ளை நான்கு பக்கம் எழுதி, தோட்ட விலாசத்துக்குப் போடாமல் நேரே சங்க அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தது. பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் காலைப் பற்றி. சேலை விரித்துக் காட்டும்போது, அம்மா கட்டும் படங்கு நினைவுக்கு வருவதைப் பற்றி. முதலாளியிடம் ஒரு சிங்களம், வாடிக்கையாளரிடம் ஒரு தமிழ், ராத்திரி அறையில் கூட்டாளிகளோடு இன்னொரு தமிழ் பேசுவதைப் பற்றி. படங்கு என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டு, 'இதை மாற்ற வேணுமா டீச்சர்?' என்று கேட்டிருந்தது. மாற்ற வேண்டாம் என்று அன்றே பதில் போட்டோம். எழுத்துப்பிழை ஐந்தாறு இருந்தது, அதை மட்டும் கேட்டுத் திருத்தினோம்.

இரண்டாவது கேள்விதான் கஷ்டம். 'பேர் போடலாமா?' பேரோடு வந்தால் வேலை போகலாம். பேர் இல்லாமல் வந்தால் யாரோ எழுதியது, சங்கக்காரர்களே எழுதியது என்பார்கள். ஒரு பெற்றோர் நேற்று எங்களிடம், "பிள்ளை சம்பாதிச்சுத்தான் தங்கச்சி படிக்குது, வம்பு வேணாம்" என்றார். அவரைக் குறை சொல்ல எங்களால் முடியாது. பேரைப் போட்டுவிடு, சங்கம் பார்த்துக்கொள்ளும் என்று வீரம் பேசவும் வாய் வரவில்லை, ஏனென்றால் வேலை போனால் அடுத்த மாத வாடகையைச் சங்கம் கட்டப் போவதில்லை. தோட்டப் பெயரை முன்னால் போட்டு ஒரு புனைபெயர் வைக்கலாம் என்று ஒரு தோழர் சொன்னார். அதை எழுதிக் கேட்டிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.

அந்தப் பிள்ளை இந்த மண்டபத்தில்தான் எங்கேயோ இருக்கிறது. கை தூக்கச் சொல்ல மாட்டோம், யாரும் திரும்பிப் பார்க்கவும் வேண்டாம். அடுத்த இதழ் அச்சுக்குப் போக இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. இரண்டு பக்கம் ஒதுக்கியாகிவிட்டது. பேர் வரும் இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறோம்.

தேத்தண்ணி வந்துவிட்டது. ஆறுவதற்கு முன் குடிப்போம்.